சட்டியும் அகப்பையும்

பள்ளிக்கூடத்து மேஜைமேல் பிரம்பு வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டது. பிள்ளைகளை உடம்பு நோவ அடிக்கலாகாது, மனம் நோவ வதைக்கவும் ஆகாது என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு விதிக்கிறது. இவற்றுள் முதற் பகுதியை உபாத்தியாயர்களாகிய நாம் எல்லோரும் நன்றாய் அறிவோம். இரண்டாம் பகுதியைப் படிக்கும்போது மட்டும் நமது மூக்குக் கண்ணாடி எப்படியோ சற்று மங்கிவிடுகிறது. பிரம்பு போன இடத்தில் நம்மிற் பலர் பழமொழியை எடுத்துக்கொண்டோம். அதில் சௌகரியங்கள் பல. பிரம்பைத் தேடி எடுக்க வேண்டும். பழமொழியோ நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது. அதை வீசக் கை ஓங்க வேண்டியதில்லை. தழும்பும் வெளியில் தெரியாது.

நாம் இத்தொழிலுக்கு வந்து இருபது வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?", "அடியாத மாடு படியாது", "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்று இக்காலத்தில் நாம் வீசிய பழமொழிகளுக்குக் கணக்கில்லை. பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் புகட்டுகிறோம் என்ற நம்பிக்கையோடுதான் வீசினோம். அவற்றுள் ஒன்று திரும்பி வந்து நமக்கே ஒழுக்கம் புகட்டிற்று. அந்தக் கதையையும், அதை ஒட்டிப் பழமொழிகளின் பிறப்பைப் பற்றி நாம் தெரிந்துகொண்ட சில செய்திகளையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கலாம்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள்

எட்டாம் வகுப்பு. மத்தியானம் முதல் மணி. முதல் நாள் நடத்திய பாடத்திலிருந்து ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தோம். கடைசி வரிசையில் ஒரு பையன். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் அல்லன், போக்கிரியும் அல்லன். எழுந்து நின்றான். பதில் வரவில்லை. கேள்வியை இன்னும் எளிதாக்கிக் கேட்டோம். அதற்கும் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!" என்றோம்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, நாமும் சிரித்தோம். பிறகு அடுத்த பையனை எழுப்பினோம். அவன் சரியாகப் பதில் சொன்னான். அந்த மணி நேரம் வெற்றிகரமாக முடிந்தது என்ற திருப்தியோடு வெளியே வந்தோம்.

அன்று முதல் அந்தக் கடைசி வரிசைப் பையன் வாய் திறப்பதை விட்டுவிட்டான். பெயர் கூப்பிடும்போது "உள்ளேன், ஐயா" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இதை உடனே கவனித்தோம் என்று எழுதினால் அது பொய்யாகும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பையனின் மௌனம் உபாத்தியாயருக்கு உபகாரமாகவே தோன்றும்.

மன்றத்தில் ஒரு பிரசங்கம்

சில வாரங்கள் கழித்து, பள்ளியின் இலக்கிய மன்றத்தில் பேச ஓர் அறிஞரை அழைத்திருந்தோம். நல்ல நாவன்மை படைத்தவர். "பழமொழிகளின் மெய்ப்பொருள்" என்பது விஷயம். இன்று நாம் வழங்கும் பழமொழிகள் எல்லாம் வாய்க்கு வாய் மாறிக் கெட்டுப்போனவை என்றும், நம் முன்னோர் சொன்னது வேறு என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்கிறோமே, அது குதிரை அன்றாம். ஆற்றின் நடுவே மேடிட்டிருக்கும் மணல் திட்டாகிய "மண் குதிர்" என்பதாம். கழுதைக்கும் கற்பூரத்துக்கும் சம்பந்தம் ஏது? "கழு" என்பது ஒருவகைக் கோரையாம். அதைப் பாயாகத் தைக்கும்போது கற்பூர வாசனை தெரியுமாம். ஆகவே "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை" என்பதே சரியாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் எப்படி அரை வைத்தியன் ஆவான்? ஆயிரம் வேரைக் கண்டு மருந்து செய்தவனே அரை வைத்தியனாம். பிள்ளைகள் நோட்டுப் புஸ்தகத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள்.

"வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை" என்பதற்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த உபாத்தியாயர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். "வாக்குக் கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்குக் கற்றவனுக்குப் போலீஸ் வேலை என்பதே உண்மைப் பாடம்" என்று அவர் முழங்கினார். எழுந்த கரகோஷத்தில் பெரும் பகுதி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் நமது பழமொழியும் வந்தது. "சட்டி" என்பது சஷ்டியாம். "அகப்பை" என்பது உள்ளே இருக்கும் பை, அதாவது கருப்பையாம். சஷ்டி விரதம் இருந்தால் பிள்ளைப்பேறு உண்டாகும் என்பதே பொருளாம். இதைக் கேட்டபோது நம் மனத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்த பாரம் இறங்கியது. நாம் வகுப்பில் சொன்னது வசையே அன்று, ஒரு விரத மகிமை அல்லவா! நம்மை அறியாமலே ஒரு புண்ணிய வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம்! அந்தப் பாரம் அங்கே இருந்தது என்பதே அது இறங்கிய பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

ஒரு பெண்ணின் கேள்வி

ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டியாவான் என்ற பழமொழிக்கும் அந்த அறிஞர் சமாதானம் சொல்லியிருந்தார். அது ஐந்து பெண் குழந்தைகளைக் குறித்தது அன்று. ஆடம்பரமான தாய், பொறுப்பற்ற தந்தை என்பது முதலாக ஒரு குடும்பத்தைக் கெடுக்கும் ஐந்து குறைகளையே குறித்தது என்றார். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:

"ஐயா, அது உண்மையானால் எங்கள் பாட்டி ஏன் எங்களைப் பார்த்து அதைச் சொல்கிறாள்? எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பெண்கள்."

நாம் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் பாட்டிக்கு ஐந்து குறைகளின் பட்டியல் தெரியாது. பெண்ணுக்குச் சீர் செய்து, நகை செய்து, வரதட்சிணை கொடுத்துக் கரையேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது நன்றாகத் தெரியும். வரதட்சிணையை விலக்கி 1961-ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றியாயிற்று. ஆனால் அந்த வீட்டில் இன்னும் பழமொழிதான் ஆட்சி செய்கிறது. பழமொழியின் உடையை மாற்றிவிட்டால் அந்தப் பாட்டியின் பயம் போய்விடுமா? பேத்தியின் நெஞ்சில் தைத்த முள் வெளியே வந்துவிடுமா?

பழமொழிக்குப் பொருள் அதை யார், யாரிடம், எப்பொழுது சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்ற உண்மை அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. அன்று மாலையே புத்தகசாலைக்குச் சென்றோம்.

பழைய ஏடுகள் சொல்வது என்ன?

தமிழில் பழமொழிக்கு வயது மிகுதி. "பழமொழி" என்ற சொல்லே அகநானூற்றில் வருகிறது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த பழமொழி நானூறு என்ற நூலில் முன்றுறை அரையனார் வெண்பாவுக்கு ஒரு பழமொழியாக எடுத்து ஆண்டிருக்கிறார். ஆனால் வீட்டிலும் வயலிலும் வழங்கும் பழமொழிகளைத் திரட்டி அச்சில் ஏற்றும் வேலையில் பெரும் பங்கு முதலில் அயல் நாட்டாருக்குச் சேர்ந்தது என்பதைச் சிறிது நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழ்ந்த பெர்சிவல் பாதிரியார் 1874-ல் வெளியிட்ட தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. டென்மார்க் தேசத்துப் பாதிரியாரான ஜென்சன் 1897-ல் பழமொழிகளை வகைப்படுத்தி வெளியிட்டார். பிற்காலத்தில் "கலைமகள்" ஆசிரியர் கி. வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகத் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டித் தந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்.

பழைய தொகுப்பைப் புரட்டினால் சட்டி சட்டியாகவே இருக்கிறது. அகப்பை அகப்பையாகவே இருக்கிறது. அகப்பை என்பது தேங்காய்ச் சிரட்டையில் மூங்கிற் காம்பைச் செருகிச் செய்த துடுப்பு. எவர்சில்வர் கரண்டி வருவதற்கு முன் குழம்புச் சட்டி இருந்த வீட்டில் எல்லாம் அதுவும் இருந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததனால் பழமொழியிலும் சேர்ந்து நிற்கின்றன. இதற்கு மேல் மெய்ப்பொருள் எதற்கு?

கழுதையின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பழைய தொகுப்பில், "கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை?" என்றே ஓர் உருவம் காணப்படுகிறது. கற்பூரம் போய்க் கந்தப்பொடி வந்தாலும் கழுதை மட்டும் அசையாமல் நிற்கிறது. கோரையைத் தைப்பதற்கு இங்கே இடமே இல்லை. சுசுருத சம்ஹிதை என்ற பழைய வைத்திய நூலிலும், பொருள் உணராமல் கற்பவனுக்குச் சந்தனக் கட்டை சுமக்கும் கழுதை உவமையாக வருகிறது; அதற்குச் சுமை தெரியுமாம், மணம் தெரியாதாம்.

வைத்தியர் விஷயமும் அப்படியே. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் பெரிய வைத்தியன் என்ற கேலி வடமொழியிலும் உண்டு. அந்தப் பாஷையில் "பேர்" என்பது "வேர்" என்று திரிய வழியில்லை. நோயால் துன்புற்ற ஜனங்கள் வைத்தியரைக் கேலி செய்து சிறிது ஆறுதல் பெற்றார்கள். அந்த ஹாஸ்யத்தை நாம் ஏன் பறிக்க வேண்டும்?

மண்குதிரையைக் காணப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனாற் போதும். அய்யனார் கோயில் முன்னால் குயவர்கள் வனைந்து சுட்ட மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். சேணமும் மணியும் அணிந்து, ஏறு என்று அழைப்பது போலவே இருக்கும். பக்கத்திலேயே ஊர் ஏரி. அந்தக் குதிரையையும் தண்ணீரையும் ஒருங்கே பார்த்து வளர்ந்த ஜனங்களுக்குத் தோற்றத்தை நம்பி மோசம் போகாதே என்று சொல்ல வேறு உவமை வேண்டுமா? குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் மண் கூடு என்றே நமது கிராமத்துப் பாட்டிமார் சொல்வார்கள்.

வாத்தியார் பழமொழியை விட்டுவிடலாம் என்றுதான் ஆசை. ஆயினும் பிறருடைய பழமொழிகளைச் சோதித்துவிட்டு நம்முடையதை மறைப்பது நியாயமாகாது. அதிலுள்ள "போலீஸ்" என்பது ஆங்கிலச் சொல். சென்னை மாகாணத்தில் புதிய முறையில் போலீஸ் படை ஏற்பட்டது 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தினால். ஆகவே இப்பொழுதுள்ள உருவத்தில் அந்தப் பழமொழி மிகப் பழையது ஆகாது. திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், பிள்ளைகளின் வீட்டார் கொடுக்கும் சில்லறையையும் நெல்லையும் காய்கறியையும் நம்பி ஜீவனம் செய்தவர். அவரைப் பார்த்து ஊரார் "வக்கற்றவன்" என்று சொன்னதில் ஆச்சரியம் இல்லை. கேட்க நமக்குக் கசக்கிறது. ஆனால் சரித்திரம் அது.

ஏன் இந்த மாற்றம்?

மன்றத்தில் பேசிய அறிஞரைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. இத்தகைய "மெய்ப்பொருள்கள்" இப்போது மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நாள்தோறும் உலவுகின்றன. முன்னோர் மீதுள்ள அன்பே இவற்றுக்குக் காரணம். நம் முன்னோர் கழுதையைப் பற்றிப் பேசியிருப்பார்களா, கொலையைப் பற்றிக் கேலி செய்திருப்பார்களா, பெண் குழந்தையைப் பாரமென்று எண்ணியிருப்பார்களா என்று நமது மனம் கூசுகிறது. உடனே ஓர் எழுத்தைத் திருத்தி அவர்களுக்குப் பட்டு வஸ்திரம் போர்த்திவிடுகிறோம்.

சொற்கள் வழக்கில் திரிவதே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அரைஞாண் என்பது "அரணா" ஆகவில்லையா? ஆனால் திரிந்தது என்று தீர்மானிப்பதற்குச் சில சோதனைகள் உண்டு. இவற்றை மாணாக்கர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, திருத்திய உருவம் பழைய ஏட்டிலோ வேற்றூர் வழக்கிலோ எங்கேனும் கிடைக்கிறதா? இரண்டாவது, அதே கருத்து வேறு சொற்களிலும் வேறு பாஷையிலும் இருக்கிறதா? இருந்தால் அது எந்தப் பொருளுக்குச் சாதகமாக நிற்கிறது? மூன்றாவது, அதைச் சொல்லும் ஜனங்கள் எந்தச் சமயத்தில் சொல்கிறார்கள்? இம்மூன்றையும் கேட்காமல், காதுக்கு இனிமையாயிருக்கிறது என்பதனால் ஒன்றை உண்மை என்று நம்புவதும் பிறருக்கு எடுத்துச் சொல்வதும் வாய்மைக்குக் குறைவு. நல்லொழுக்கம் என்று நாம் போதிக்கும் குணங்களில் வாய்மையை விடப் பெரியது எது?

பிள்ளைகள் கொண்டுவந்தவை

இந்த எண்ணத்தோடு, அரையாண்டு விடுமுறைக்கு எட்டாம் வகுப்பாருக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஆளுக்கு ஐந்து பழமொழிகள் எழுதிவர வேண்டும். பக்கத்தை நான்காகப் பிரித்து, பழமொழி, சொன்னவர் யார், எப்பொழுது யாரிடம் சொல்வார், அதனால் நீ அறிந்தது என்ன என்று எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதலாகாது.

வந்து சேர்ந்தவை நாம் எதிர்பார்த்ததற்கு மேலாக இருந்தன. "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்று எழுதிய ஒரு பெண், உழக்கு என்பது என்ன என்று பாட்டியைக் கேட்டு, பரணிலிருந்த பித்தளை உழக்கையே கொண்டுவந்துவிட்டாள். கால் படி அளவு. லிட்டர் கணக்கில் வளர்ந்த பிள்ளைகள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். மற்றொரு பையன், "உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி" என்பதைத் தன் அம்மா தினந்தோறும் சொல்வதாகவும், ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் அத்தை என்றும் எழுதியிருந்தான். அந்தக் குடும்ப இரகசியத்தை வகுப்பில் உரக்கப் படிக்காமல் விட்டோம்.

"அடியாத மாடு படியாது" என்பதைப் பற்றி ஓர் உழவர் மகன் எழுதியது நம்மைத் திடுக்கிட வைத்தது. "இதை எங்கள் அப்பாவிடம் கேட்டேன். அடித்தால் மாடு மிரளும், படியாது என்றார். புதுக் காளையைப் பழக்க வேண்டுமானால் பழகின மாட்டோடு ஜோடி சேர்த்து நுகத்தில் பூட்ட வேண்டும். பழகின மாட்டைப் பார்த்துப் புதுக் காளை நடக்கும்" என்று எழுதியிருந்தான். பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த மனோதத்துவப் புத்தகங்களின் சாரம் அந்த நாலு வரியில் இருந்தது. பழமொழியின் சொல் ஒன்று. அது பிறந்த வயலில் நடக்கும் காரியம் வேறொன்று. இருபது வருஷமாக நாம் சொல்லைப் பிடித்துக்கொண்டோம், காரியத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கடைசி வரிசைப் பையனின் தாள் அடியில் இருந்தது. ஐந்து கேட்டதற்கு ஒன்றே எழுதியிருந்தான்.

பழமொழி: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சொன்னவர்: எங்கள் ஆயா.

எப்பொழுது, யாரிடம்: ஆயா நடவுக்குப் போய்விட்டு வந்து சோறு ஆக்கும். தம்பி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று கேட்பான். அப்போது சொல்லும். சொல்லிவிட்டுத் தன் தட்டில் இருப்பதைத் தம்பிக்குப் போடும்.

அறிந்தது என்ன: சட்டியில் போடுவது கேட்கிறவன் வேலை இல்லை.

நாம் வெகு நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் அதை நமக்குப் பதிலாக எழுதினானோ, வீட்டில் நடப்பதை நடந்தபடி எழுதினானோ, தெரியாது. கேட்க நமக்குத் தைரியம் வரவில்லை. அலமாரியைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். அவனை எழுப்பிக் கேள்வி கேட்டோமே, அதற்கு முதல் நாள், அதாவது அந்தப் பாடத்தை நாம் நடத்திய நாள், அவன் பெயருக்கு நேரே அவன் வரவில்லை என்ற குறி இருந்தது. நாமே நம் கையால் இட்ட குறி.

சட்டியில் நாம் ஒன்றும் போடவில்லை. போடாத சட்டியில் அகப்பையை விட்டுத் துழாவினோம். வராதபோது சட்டியைப் பழித்தோம். அவன் ஆயா அதே பழமொழியைச் சொல்லித் தன் தட்டைக் காலி செய்தாள். நாம் அதைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தோம். அதற்கு மேல் சஷ்டி விரதத்தைத் துணைக்கு அழைத்து மனச்சாட்சியை வேறு சமாதானப்படுத்திக் கொண்டோம்.

மறுநாள்

மறுநாள் வகுப்பில் இதை மறைக்காமல் சொன்னோம். எந்த வகுப்பில் சிரிப்பு எழுந்ததோ அந்த வகுப்பில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அன்று தவறு எம்முடையது, நீ வராத நாளின் பாடத்தை உன்னிடம் கேட்டோம், கேட்டதோடு கேலியும் செய்தோம், மன்னிக்க வேண்டும்" என்றோம். உபாத்தியாயர் இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று நண்பர்கள் சிலர் அபிப்பிராயப்பட்டார்கள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

பையன் எழுந்து நின்றான். "தம்பிக்குக் காய்ச்சல், ஐயா. ஆயா நடவுக்குப் போயிருந்தது. அதனால்தான் அன்றைக்கு வரவில்லை" என்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. அந்தச் சமாதானத்தைச் சொல்ல அன்றைக்கே அவனுக்கு இடம் கொடுத்திருக்கலாம். ஒரு பழமொழியைச் சொல்லாமல் விட்டிருந்தாற் போதும்.

இதனால் பழமொழியைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவை நம் நாட்டின் பெருஞ் செல்வம். உழவர், குயவர், இடையர், வீட்டைக் காத்த பெண்கள் ஆகிய எழுத்தறியாத பெருமக்கள் நமக்கு எழுதிவைத்துப் போன சாசனம். அச்சாசனத்தில் கண்ணீரும் இருக்கும், கேலியும் இருக்கும். இன்றைக்கு ஒவ்வாத எண்ணமும் சில இடத்தில் இருக்கும். நல்லதை எடுத்துக்கொள்வோம். ஐந்து பெண்களைப் பற்றிய பழமொழியைப் போன்றவற்றை, "இது அக்காலத்துக் கஷ்டம், இனி இது நம் வீட்டில் வேண்டாம்" என்று நேரே சொல்லிக் கீழே வைப்போம். எழுத்தைத் திருத்தி ஏமாற்றுவதைக் காட்டிலும் அதுவே முன்னோருக்கும் மரியாதை, பேத்திகளுக்கும் நியாயம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை நோக்கிப் பழமொழி ஒன்று நாக்கு நுனிக்கு வரும்போது, அது பிறந்த இடத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். சட்டி என்றால் அதில் நாம் என்ன போட்டோம்? மாடு என்றால் எந்தப் பழகின மாட்டோடு அதைப் பூட்டினோம்? வளையவில்லை என்றால், வளைக்க வேண்டிய வயதில் நாம் எங்கே இருந்தோம்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகும் பழமொழியைச் சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லலாம். பெரும்பாலும் தோன்றாது என்பது நம் அநுபவம்.

மாணாக்கர்களே, உங்கள் வீட்டுப் பாட்டிமாரிடம் இன்னும் எத்தனையோ பழமொழிகள் அச்சேறாமல் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் யார், எப்பொழுது சொன்னார் என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

நமது கடைசி வரிசைப் பையன் இப்போது மூன்றாவது வரிசைக்கு வந்திருக்கிறான். சென்ற வாரம் பாடத்தின் நடுவே கையைத் தூக்கினான்.

"ஐயா, உழக்குக்கும் ஆழாக்குக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்றோம். அவன் நம்பவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்து மறுபடியும் உழக்கை வரவழைத்து, சத்துணவுக் கூடத்திலிருந்து அரிசி வாங்கிவந்து, அவனையே அளக்கச் சொன்னோம்.